நான் அழிக்க மறுத்த புள்ளி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், தெருக்களுக்குத் திட்டம் போடும் நம் வேலையின் விழுமியங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பேச வரவில்லை. பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எதிரில் இருப்பவர்களைத் திட்டுவேன், திட்டு வாங்குகிற அளவுக்கு நீங்கள் இன்னும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இனி என்னை யாரும் எதற்கும் கேட்க முடியாது என்பதால் உண்மையையே எழுதலாம்.

அலுவலகத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் நம் வரைபடத்துக்கான மூன்று வரிகளைப் பார்த்திருப்பீர்கள். யாரும் எழுதலாம். யாரும் பார்க்கலாம். எதுவும் அழிக்கப்படாது. முதல் இரண்டும் நான் வருவதற்கு முன்பே இருந்தவை. மூன்றாவதை எழுதியவள் நான். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்த நாட்கள் உண்டு. கடைசி வருஷங்களில் பின்பக்கப் படி வழியாகத்தான் மாடிக்கு வந்தேன்.

அந்த வரி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய சில தெருக்களுக்குத் திட்டம் போட்டபோது நம்மிடம் செயலி எல்லாம் கிடையாது. ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய வரைபடத்தை விரித்து, வந்தவர்கள் கையில் மஞ்சள் சீட்டுகளைக் கொடுத்து, குறையை எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டச் சொன்னோம். ஒரு தெருக்காரர்கள் வரிசையாக ஒரே விஷயத்தை எழுதினார்கள்: ரோட்டை இன்னும் உயர்த்தாதீர்கள், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வரைபடம் அதிகாரிகளின் நாலு மேஜை சுற்றித் திரும்பி வந்தபோது அந்தத் தெருவின் சீட்டுகள் மட்டும் இல்லை. பசை காய்ந்து விழுந்திருக்கும் என்றார்கள். மற்ற தெருக்களின் பசைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோடு உயர்ந்தது.

அடுத்த மழையில் நான் அங்கே போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கணுக்கால் தண்ணீரில் நின்று, நனைந்த புத்தகங்களைக் கட்டிலின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். "நான் எழுதிக் குடுத்தேனே மேடம், அது எங்க போச்சு?" என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து கோபத்தில் எழுதியதுதான் மூன்றாவது வரி. பெரிய மனிதர்கள் யாரும் சின்ன மனிதர்களின் சீட்டைக் கிழிக்கக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். கோபத்தில் போட்ட விதி, கோபம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். இது எனக்குத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

பிறகு நாம் திறந்த வரைபடத்துக்கு வந்தோம். கைபேசி வைத்திருக்கும் யாரும் தெருவில் நின்று ஒரு புள்ளி வைத்து, தனக்குத் தெரிந்ததை எழுதலாம் அல்லது பேசலாம். உலகத்தில் யாரும் அதைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். வைத்தவர் உட்பட யாரும் அழிக்க முடியாது. இதைக் கட்டியவர் நம் டேவிட். இப்போது உங்களுக்கு மேலாளராக இருக்கிறாரே, அவரேதான். முப்பது வயதைத் தாண்டியிருந்தார். என்னைவிட நிதானம் உள்ளவர்.

பம்மலில் ஒரு தெருவுக்கு நடைபாதை போட வேண்டும் என்று ரோடு போடும் அலுவலகத்திலிருந்து நமக்குத் திட்ட வேலை வந்தது. பஸ் போகிற தெரு. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள், ஒரு பழைய தோல் கிடங்கு, மாடி மாடியாக வீடுகள். நடைபாதை என்று ஒன்று இருந்ததன் அடையாளமாகச் சில கற்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்வி என்ற பெண் தள்ளுவண்டியில் இட்லி, வடை போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டறைக்காரர்கள் அவளிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குள் போவார்கள். வீட்டுக்காரர் இல்லை. அந்த வண்டிதான் வீடு நடத்தியது.

நான் நோட்டும் கைபேசியுமாகப் போய் நின்றதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு மேடம் எழுதுறீங்க? எழுதினு போனவங்க யாரும் நல்லதுக்கு வந்ததில்ல."

"பேரெல்லாம் வேண்டாம். நீங்க இங்க இருக்கீங்கன்னு வரைபடத்துல தெரிஞ்சாதான் புது நடைபாதையில உங்களுக்கு எடம் விட முடியும். தெரியலன்னா, இங்க யாருமே இல்லன்னு நெனச்சுக் கோடு போட்டுடுவாங்க."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தெருக்களில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லப் போகிறீர்கள். அது பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

மூன்று நாள் போய் அவளிடம் இட்லி சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அவளுக்கு நான் மேடத்திலிருந்து அக்கா ஆனேன். நாலாம் நாள் அவளே என் கைபேசியை வாங்கி, மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தன் வண்டி நிற்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அவள் குரலையே பதிவு செய்தோம்: "காலைல அஞ்சரைல இருந்து பதினோரு மணி வரிக்கும் வண்டி இங்கதான் கீது. இத்த வுட்டா எனுக்கு வேற எடம் இல்ல." டேவிட் அதைக் கேட்டுவிட்டு, இதுபோல ஒரு பதிவு இதுவரை நம்மிடம் இல்லை என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அவள் அதோடு நிற்கவில்லை. தெருவில் இருந்த மற்றவர்களிடம் எங்களைக் கூட்டிப் போனாள். பூக்கட்டுகிற அம்மா, சாவி போடுகிறவர், வாழைப்பழ வண்டிக்காரர். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துச் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அந்தத் தெருவில் பத்து வருஷம் குடியிருப்பவர்களுக்கே அவர் அங்கே இருப்பது தெரியாது. "நம்ம அக்காதான், நம்பி வெய்யி" என்று செல்வி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். மொத்தம் பதினான்கு புள்ளிகள்.

ஒருவர் மட்டும் மறுத்தார். எதிர்ப்பக்கம் இளநீர் வெட்டுகிறவர். "எனுக்கு வாணாம்மா. நான் இங்க கீறது எனுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். நான் என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்மில் யாருக்காவது தலைக்கனம் ஏறினால் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன்.

அதே தெருவில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர் இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். தெருமுனை டாக்டரிடம் போக வேண்டுமென்றால் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். ஒருமுறை விழுந்தும் இருக்கிறார். செயலாளர் நம் வரைபடத்தைத் திறந்து, பதினான்கு புள்ளிகளுக்கும் கீழே ஒரே வரியை எழுதினார்: 'ஆக்கிரமிப்பு. நடக்க வழி வேண்டும்.' அதுவும் பங்கேற்புதான். அவருக்கும் எழுத உரிமை உண்டு. இரண்டு பக்கமும் பேசுகிறார்கள், வரைபடம் உயிரோடு இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அந்த இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்திருக்க வேண்டும். திரையில் பேசிக்கொள்கிறார்களே, போதாதா என்று இருந்துவிட்டேன்.

திட்டத்தை ஒப்படைக்க இரண்டு நாள் இருந்தபோது, ஒரு மதியம் மூன்று மணிக்குச் செல்வி மேற்குத் தாம்பரத்தில் இருந்த நம் அலுவலகத்துக்கு வந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்து, விசாரித்து விசாரித்து மாடி ஏறியிருக்கிறாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்த புள்ளிய எடுத்துடுக்கா. என்னுது மட்டும் இல்ல, எல்லாரோடதும்."

என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு பைக்ல வந்தானுங்க. போன பாத்துகினே வந்து கரீட்டா என் வண்டி எதுர நின்னானுங்க. ஒண்ணும் கேக்கல. ஒண்ணும் துண்ணல. போன பாத்தான், என்னிய பாத்தான், போய்ட்டான். அப்பால செருப்பு தைக்கிறவராண்ட போய் நின்னானுங்க. அவரு அங்க கீறாருன்னு அவனுங்களுக்கு யாருக்கா சொன்னது?"

டேவிட் என் பக்கத்தில்தான் இருந்தார். "மேடம், ஒரு நிமிஷ வேலை. மறைச்சிடட்டுமா? நீங்க சொன்னா போதும்" என்று மெல்லச் சொன்னார்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என்ன யோசித்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். சிட்லபாக்கத்துச் சீட்டுகள் ஞாபகம் வந்தன. இன்று இவளுக்காக அழித்தால், நாளை ஒரு பெரிய மனிதர் வந்து கேட்கும்போது எந்த முகத்தோடு முடியாது என்பேன் என்று நினைத்தேன். பதினான்கும் எங்கே போயின என்று செயலாளர் கேட்டால் மொத்த வரைபடத்தின் மேலும் சந்தேகம் விழும். புள்ளி போனால் திட்டத்தில் அவளுக்கு விட்டிருக்கும் இடமும் போகும். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் அவை பாதிதான். மீதிப் பாதி, அந்த வரியை எழுதியவள் நான். வெளியூர்களில் இருந்தெல்லாம் வந்து அதைப் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை என் கையாலேயே உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அது முடியாது செல்வி" என்று ஆரம்பித்து, ஏன் முடியாது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். டீ வாங்கிவரச் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"நான் வெச்ச புள்ளிதானேக்கா. நானே எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டியா?"

"வெச்சதுக்கு அப்புறம் அது எல்லாருக்கும் பொதுவாயிடுது. அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. நாளைக்கு யாரும் நீங்க அங்க இல்லன்னு சொல்ல முடியாது."

"நான் அங்க இல்லன்னு யாரும் சொல்லலக்கா. நான் அங்க கீறேன்னுதான் இப்ப பிரச்சன."

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சொல்லியிருப்பேன். என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். அவள் டீயைக் குடிக்காமல் படியிறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே அந்த ரோடு போடும் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஒப்படைக்க வேண்டிய திட்டத்தின் முன்னுரையைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'மக்களின் நம்பிக்கையே இந்த வரைபடத்தின் அடித்தளம்' என்பது அதன் முதல் வாக்கியம்.

நான்கு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு டேவிட் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி நின்றுகொண்டிருந்தது. செல்வியின் வண்டி ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது. சாம்பார் ரோட்டில் ஓடி மண்ணோடு சேர்ந்திருந்தது. லாரிக்காரர்களோடு வந்தவர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். நம் வரைபடம். நம் நிறங்கள், நம் எழுத்துரு, மூலையில் நம் பெயர். பதினான்கு புள்ளிகளுக்கும் பால்பாயின்ட் பேனாவால் எண் போட்டு, முடித்ததை டிக் அடித்துக்கொண்டே போனார். அவருக்கு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. நேராக டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போய்ப் பெரியவரை எழுப்பினார்கள்.

இளநீர்க்காரர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஆள் ஒருவர் அவர் வண்டியைக் காட்டி, "இத்த?" என்று கேட்டார். தாள்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல இல்லப்பா, வுடு" என்றார். அவ்வளவுதான். எங்களை நம்பாத ஒரே மனிதர் அன்று பிழைத்தார்.

செல்வி அழவில்லை. தாள்காரர் கையில் இருந்ததைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டியிருக்கலாம், அவளுக்கு அந்த வாய் உண்டு. கீழே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த ரோடு அலுவலகத்தின் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "முன்னெல்லாம் ஒரு தெரு க்ளியர் பண்ணணும்னா யார் எங்க இருக்காங்கன்னு பாக்கவே ஒரு வாரம் ஓடிடும் மேடம். உங்க மேப் இருந்ததால ஒரே காலைல முடிஞ்சுது. ரொம்ப உதவி" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. மனதாரத்தான் சொன்னார். திட்டத்தில் கடைகளுக்கு விட்டிருந்த இடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது இரண்டாம் கட்டம் என்றார். இரண்டாம் கட்டம் இதுவரை வரவில்லை.

வண்டிகளைத் திரும்ப வாங்கித் தர அலைந்தோம். நாலு அலுவலகம் ஏறினோம், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். செல்வியின் வண்டி கிடைத்தபோது சக்கரமும் அடுப்பும் இல்லை. நடைபாதை வந்தது. நல்ல அகலமாக, அழகான கல் பதித்து வந்தது. ஒரு மாதத்துக்குள் அதன் மேல் பைக்குகள் வரிசையாக நின்றன. செயலாளர் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். "நான் அவங்களத் தூக்கச் சொல்லி எழுதலை மேடம். கொஞ்சம் வழி விடச் சொல்லித்தான் எழுதினேன். செல்வி இருந்தப்பவாவது என் வைஃப் வந்தா வண்டியைத் தள்ளிக்குவா. இப்ப பைக்கை யார்கிட்ட தள்ளச் சொல்றது?" என்றார். அந்த அம்மா இன்றைக்கும் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்.

பிறகு விதியை மாற்றினோம். இப்போது புள்ளி வைத்தவர் அதை அழிக்கலாம், கடைக்காரர்களின் இடத்தை வெளியாருக்குக் காட்டுவதில்லை. நீங்கள் வேலை பார்ப்பது அந்தத் திருத்திய வரைபடத்தில். சுவரில் உள்ள வரியை மட்டும் யாரும் மாற்றவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று என்பதால். திருத்தியதால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். எடுத்த நகல் எடுத்ததுதான். ஒருமுறை பார்த்ததை யாரும் பார்க்காததாக ஆக்க முடியாது.

உங்களுக்கு நான் தரக்கூடிய பாடம் மிகச் சின்னது. எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று நாம் சொல்லும்போது, நம் மனதில் கதவும் பூட்டும் உள்ள மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவது அதிகாரம். நாள் முழுக்கத் தெருவில் நிற்பவர்களில் பலர் யார் கண்ணிலும் அதிகம் படாமல் இருப்பதால்தான் பிழைக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கண்ணில் படு, நல்லது நடக்கும் என்று நாம் சொல்கிறோம். நல்லது நடத்துவது நம் கையில் இல்லை. கண்ணில் படச் செய்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு எப்படி வேலை பார்ப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே ஓய்வுபெற்றுவிட்டேன்.

போன வருஷம் ஒரு உறவினர் வீட்டுக்கு ஊரப்பாக்கம் போயிருந்தேன். திரும்பும்போது ஸ்டேஷன் மேம்பாலத்தின் அடிப்படியில் ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையில் வடை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். செல்விதான். தலை நன்றாக நரைத்திருந்தது. எனக்கு அப்படியே போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, இப்பிடி எளச்சுட்ட?" என்றாள்.

படிமேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பைச் சொன்னேன். எல்லாம் குழறிப்போய் வந்தது. அவள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "வுடுக்கா. நீ இன்னா வோணும்னேவா பண்ணே?" என்று சொல்லிவிட்டு, பேப்பரில் இரண்டு வடை வைத்து என் கையில் கொடுத்தாள். மகள் மறைமலைநகரில் வேலைக்குப் போவதைச் சொன்னாள். என் முழங்கால் வலிக்கு ஏதோ தைலம் சொன்னாள். பழைய செல்வி மாதிரியே பேசினாள். எனக்குப் பல வருஷத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

அப்படி லேசாக இருந்ததில்தான் வாய் தானாகத் திறந்தது. முப்பது வருஷம் தெருத்தெருவாகக் கேட்ட வாய்.

"தெனமும் இங்கதான் வர்றியா செல்வி? எத்தன மணி வரைக்கும் இருப்ப?"

வடையை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. கூடையின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"இல்லக்கா" என்றாள். "இன்னிக்கி சும்மாதான் வந்தேன்."

எழுந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு படியேறிப் போய்விட்டாள். கூடையில் வடை இன்னும் சூடாக இருந்தது, வாங்க வந்த இரண்டு பேர் ஏமாந்து நின்றார்கள். தாம்பரம் வண்டி வந்ததும் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவள் மேம்பாலத்தின் மேலே கம்பியைப் பிடித்தபடி நின்று என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்த பிறகுதான் கீழே இறங்கி வந்து அதே படியில் உட்கார்ந்தாள்.